சீனியைக் குறைக்க வேண்டியவர் எதைக் குடிக்கலாம்? கருப்பட்டி, அக்கானி, சர்பத், ‘ஜீரோ’ பாட்டில்கள் பற்றி ஒரு பதில்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்கு அருகில் கடை நடத்திவரும் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வயது 44, எடை 82 கிலோ, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்திருக்கிறது, மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதாமல், எடையைக் குறைக்கவும் இனிப்பைக் கட்டுப்படுத்தவும் சொல்லியிருக்கிறார். பலகாரங்களில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. ஆனால் இனிப்பாக எதையாவது குடிக்காமல் பகல் நகராது. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியோ தேனோ சேர்த்தால் போதுமா, இளநீரும் அக்கானியும் (பதநீர்) இயற்கையானவை என்பதால் கணக்கில் வராதா, ‘ஜீரோ’ என்று அச்சிட்ட பாட்டில்களை நம்பலாமா, வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் தந்தைக்கும் இதே முறை பொருந்துமா என்பவை அவருடைய ஐயங்கள்.

முதலில் அந்த 6.1 பற்றி. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் அனைவரும் நீரிழிவுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. ஆகவே மாத்திரை தரப்படவில்லை என்பதை மருத்துவர் பொருட்படுத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளாமல், இன்னும் உங்கள் கையில் வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இன்டியாப் ஆய்வு காட்டியது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழும் நம்முடைய காப்பிக் கடையும் சர்பத் கடையும் பேக்கரியும் அந்தப் பக்கத்தைவிடப் பெரிதாக வேறுபட்டவை அல்ல என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இனி நீங்கள் எழுதியிருக்கும் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் கருப்பட்டிக் காப்பி. அதில் 15 கிராம் கருப்பட்டி என்று வைத்தால் சுமார் 13 கிராம் சீனிக்குச் சமம். கடையில் இருக்கும்போது மூன்று சாயா. கிளாஸுக்கு இரண்டு கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் என்றால் 30 கிராம். மதியத்துக்குப் பிறகு ஒரு நன்னாரி சர்பத். கடைக்காரர் கை தாராளமாக இருந்தால் அதிலேயே இன்னொரு 30 கிராம். இரவு பாலில் கலக்கும் மால்ட் பொடியும், அது போதாதென்று மேலே போடும் ஒரு கரண்டிச் சீனியும் சேர்ந்து 12 கிராம். கூட்டினால் 85 கிராம்; கிராமுக்கு 4 கலோரி என்ற வகையில் 340 கலோரி. உங்கள் எடையுள்ளவர் அதைச் செலவழிக்க ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டியிருக்கும். பாலில் இருந்து வரும் கலோரியை இதில் நான் சேர்க்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளியிலிருந்து சேர்க்கும் சீனி, வெல்லம், தேன், பழச்சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை ஆகிய எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 2000 கலோரி உணவுக்கு அது 50 கிராம். முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நல்லது என்றும் அது சொல்கிறது. நீங்கள் சோற்றையும் பழத்தையும் தொடுவதற்கு முன்பே, குடித்ததிலேயே 85 கிராம் போய்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ‘கெட்ட பானம்’ என்று எல்லோரும் சொல்லும் கோலா இந்தப் பட்டியலில் ஒருமுறைகூட வரவில்லை என்பதுதான். தினந்தோறும் பழக்கத்தால் குடிக்கும் சாதாரணக் கிளாஸ்கள்தான் கணக்கை உயர்த்துகின்றன. மாதத்துக்கு ஒருமுறை கல்யாண வீட்டில் குடிக்கும் பாயசத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

திரவமாக உள்ளே போகும் கலோரியை உடல் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் இதனுடன் சேர்ந்த விஷயம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 15 பேரை வைத்து நடத்தி 2000இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஒரே ஆட்களுக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரி சோடாவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் குறைத்துக்கொள்ளவில்லை, எடையும் ஏறியது. பலகாரம் தின்பதில்லை என்பது உங்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எடையைப் பொறுத்தவரை குடிக்கிற இனிப்பு தின்கிற இனிப்பைவிடத் தந்திரமானது.

கருப்பட்டிக்கு வருவோம். ‘கருப்பட்டிக் காப்பி, சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்’ என்ற பலகையைப் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லாத பலகை அது. அக்கானியைக் காய்ச்சி, நீரை வற்றவைத்து, சிரட்டையில் ஊற்றி இறுக்கினால் கிடைப்பது கருப்பட்டி. அக்கானியின் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். காய்ச்சுவதால் அது வேறொன்றாக மாறிவிடுவதில்லை. கருப்பட்டியில் இரும்பும் வேறு தாதுக்களும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தாதுக்கள் உடலுக்குப் பயன்படும் அளவுக்குச் சேர வேண்டுமானால், இனிப்பைக் குறைக்க வேண்டிய ஒருவர் தின்னக்கூடாத அளவுக்குக் கருப்பட்டி தின்ன வேண்டியிருக்கும். 100 கிராம் வெல்லமோ கருப்பட்டியோ சுமார் 350 முதல் 380 கலோரி தருகிறது. சீனி 400 கலோரியை ஒட்டி நிற்கிறது. இந்தச் சிறிய வித்தியாசத்தையும், ‘நல்லதுதானே’ என்று கூடுதலாகப் போடும் அரைத்துண்டு விழுங்கிவிடும்.

இப்படிச் சொல்வதால் கருப்பட்டியையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். அதற்குச் சீனிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: அதன் மணமும் இலேசான கரிப்பும் வாயில் தங்குவதால், குறைந்த அளவிலேயே ஒரு நிறைவு கிடைக்கிறது. சுக்கு, கொத்தமல்லி, மிளகு தட்டிப் போட்ட சுக்குக் காப்பியில் கிளாஸுக்கு 5 கிராம் கருப்பட்டி போதும். அதே 5 கிராம் சீனியைப் போட்டுப் பாருங்கள், சப்பென்று இருக்கும். கருப்பட்டியின் மெய்யான பயன் இதுதான், சத்து அல்ல. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் வெள்ளைச் சீனியைக் காய்ச்சிச் சேர்ப்பது பரவலாக நடக்கிறது. நீங்கள் கூடுதல் விலை கொடுத்துச் சீனியையே வாங்கி வந்திருக்கக்கூடும்.

தேனும் இதே வரிசையில்தான் நிற்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் நம் மாவட்டத்துக்குப் பெருமை, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் எந்தத் தேனிலும் எடையில் சுமார் எண்பது விழுக்காடு சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையும் 60 கலோரிக்கு மேலும் இருக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று சொல்லக் கேட்டு ஆண்டுக்கணக்காகக் குடிப்பவர்கள் உண்டு. அந்தக் கிளாஸில் இருந்து தேனை எடுத்துவிட்டால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இளநீருக்கும் அக்கானிக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டையும் ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லில் கட்டக்கூடாது. நம் பக்கத்தில் கருக்கு என்று வெட்டித் தரும் இளநீரில், காயின் வயதைப் பொறுத்து, 100 மில்லிக்குச் சுமார் 3 முதல் 5 கிராம் சர்க்கரை இருக்கும். ஆறேழு மாதக் காயில் இனிப்பு உச்சத்துக்குப் போய், முற்ற முற்றக் குறைகிறது. ஒரு காயில் 300 மில்லி என்றால் 9 முதல் 15 கிராம். சர்பத்துக்குப் பதிலாக இதைக் குடிப்பது தெளிவான முன்னேற்றம்தான். தண்ணீருக்குப் பதிலாக இதைக் குடிப்பது முன்னேற்றம் அல்ல. தினமும் ஒன்று என்பதைவிட, வெயிலில் அலைந்த நாளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்குமான சில மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. உங்கள் தந்தைக்கு நீண்ட நாள் நீரிழிவு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அவருடைய கிரியாட்டினின் அளவு என்னவென்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அக்கானி வேறு வகை. பனையிலிருந்து இறக்கிய புதிய அக்கானியில் 100 மில்லிக்கு 10 முதல் 13 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. பாட்டில் கோலாவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, சாறு புளித்துக் கள்ளாவதைத் தடுக்கிறது. அதாவது சர்க்கரை சாராயமாக மாறாமல் முழுதாக நமக்கே வந்து சேருகிறது. பனையோலைப் பட்டை பிடித்து ஊற்றிக் குடித்தால் 300 மில்லி எளிதில் உள்ளே போய்விடும். அது 30 கிராமுக்கு மேல். பருவத்தில் கிடைக்கும் பொருள் என்பதால், ஒரு சிறிய கிளாஸ், அதில் பாதிக்கு நுங்கு போட்டு, அன்றைக்கு வேறு இனிப்பு எதுவும் இல்லாமல் குடிப்பது நான் ஏற்றுக்கொள்ளும் வழி. நுங்கு 100 கிராமுக்கு 40 கலோரியை ஒட்டித்தான் தருகிறது. வாய்க்கும் வேலை இருக்கிறது. கரும்புச் சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸுக்கு 30 கிராமைத் தாண்டும், உங்களுக்கு வேண்டாம்.

பழச்சாறு விஷயத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பழத்தைப் பிழிந்து வடிகட்டும்போது நார் பின்னால் நின்றுவிடுகிறது; மூன்று ஆரஞ்சின் சர்க்கரை அரை நிமிடத்தில் வயிற்றுக்குள் இறங்குகிறது; ஒரே மூச்சில் மூன்று ஆரஞ்சுகளை நாம் உரித்துத் தின்பதில்லை. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வில், திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுதாகத் தின்றவர்களுக்கு நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகக் குடித்தவர்களுக்கு அது கூடுதலாகவும் காணப்பட்டது. கடையில் போடும் சாற்றில் இதற்கு மேல் சீனியும் விழுகிறது. எல்லைக்கு இருபுறமும் பேக்கரிகளில் பேர்பெற்ற ஷார்ஜா ஷேக்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்: உறைந்த பால் 200 மில்லிக்கு 120 கலோரி, இரண்டு சிறு வாழைப்பழத்துக்கு 150, நான்கு கரண்டிச் சீனிக்கு 80, மேலே தூவும் மால்ட் பொடிக்கு 40. ஏறத்தாழ 400 கலோரி. அது ஒரு வேளைச் சாப்பாடு. அதைக் குடித்துவிட்டு அந்த வேளைச் சாப்பாட்டை விடுபவரை நான் பார்த்ததில்லை. மட்டி வாழைப்பழம் வேண்டுமென்றால் உரித்துத் தின்னுங்கள்.

சர்பத்தைப் பற்றி ஒரு நுட்பம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாக்கு குளிர்ந்திருக்கும்போது இனிப்பை மந்தமாகவே உணர்கிறது. சோடாவின் குமிழிகளும் இனிப்பை மழுங்கடிக்கின்றன. எலுமிச்சையின் புளிப்பும் அதை மறைக்கிறது. ஐஸ், சோடா, எலுமிச்சை ஆகிய மூன்றும் சேர்ந்த குலுக்கி சர்பத்தில் இனிப்பு ‘சரியாக’ இருக்கிறது என்று நாக்கு சொன்னால், உண்மையில் சீனி மிக அதிகமாக இருக்கிறது என்று பொருள். மீதம் வைத்து, ஐஸ் கரைந்து வெதுவெதுப்பான பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரியும், தெவிட்டும். கடையில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஐஸ் போடாமல், பானைத் தண்ணீரில், சிரப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், எதிர்பார்த்ததைவிட இனிப்பாகவே இருக்கும். கடைக்காரர் முதல் நாள் முகத்தைச் சுளிப்பார்; அவருக்கும் சிரப் மிச்சம்தான்.

வீட்டில் இன்னும் நன்றாகச் செய்யலாம். கடையில் வாங்கும் நன்னாரி சிரப்பில் பெரும்பகுதி சீனிப் பாகு. ஒரு மேசைக்கரண்டியிலேயே 9, 10 கிராம் சீனி இருக்கும். மணத்தைத் தருவது வேர்தான், பாகு அல்ல. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேரை வாங்கி, மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் உள்ள கட்டை நரம்பை நீக்கிவிட்டு, கொதிக்கவைத்த நீரில் இரவு முழுதும் மூடிவைத்தால் காலையில் மணமான சாறு கிடைக்கும். இதைக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு கிளாஸ் சாற்றில் அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி, அரைக் கரண்டிச் சீனி. மொத்தம் 10, 15 கலோரிக்குள் முடிந்துவிடும். சிட்டிகை உப்பு இருக்கும் இனிப்பைத் தூக்கிக் காட்டும். ஏலக்காய், நன்னாரி போன்ற மணங்களை நாம் சிறுவயது முதல் இனிப்போடு சேர்த்தே பழகியிருப்பதால், அந்த மணம் வந்தாலே இனிப்பு கூடியதுபோல் தோன்றும். பானையில் நன்னாரி வேரை முடிந்து போட்டுவைத்த தண்ணீர், கேரள ஓட்டல்களில் தரும் பதிமுகத் தண்ணீர், சீரகத் தண்ணீர் ஆகியவற்றில் சீனியே இல்லை. தாகத்துக்கு இவற்றைக் குடித்துவிட்டு, இனிப்பை ஆசைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்; ஏனென்றால் நம்மில் பலர் தாகத்தை இனிப்பால் தணித்துப் பழகிவிட்டோம்.

மோரை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். இஞ்சியும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட சம்பாரத்தில் கிளாஸுக்கு 30, 40 கலோரிதான். ஆனால் இனிப்பு கேட்கும் நாக்கிடம் அதை இனிப்புக்கு மாற்று என்று நீட்டுவதில் பயனில்லை. அது பசிக்கும் வெயிலுக்கும் நல்லது. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கில் மிகப் பெரிய பங்கு சாயாவும் காப்பியும்தான் என்பதால், இருக்கும் முயற்சியில் பெரும்பகுதியை அங்கேயே செலவிடுங்கள். ஒரேயடியாக ‘விதௌட்’ (சீனி இல்லாமல்) என்று சொல்லி ஒரு வாரத்தில் சலித்துப் பழைய இடத்துக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதைவிட, வாரம் இரண்டு கழியும்போதெல்லாம் கிளாஸுக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். கடையில் விதௌட் சாயா வாங்கி, சீனியைத் தனியாகக் கேட்டு நீங்களே போடுங்கள். கடைக்காரர் ‘மட்டமாகத் தட்டி’ போடுவதாகச் சொல்லும் ஒரு கரண்டி பெரும்பாலும் குவிந்தே இருக்கும். ஒவ்வொரு குறைப்புக்கும் முதல் மூன்று நான்கு நாள் குறை தெரியும். பிறகு நாக்கு புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். இரண்டு கரண்டியில் இருப்பவர் ஒன்றரை மாதத்தில் அரைக் கரண்டிக்கு வந்துவிடலாம். அந்த நிலையில் பழைய சாயாவை யாராவது கொடுத்தால் பாயசம்போலத் தோன்றும். அதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய அறிகுறி. அரைக் கரண்டியை அதற்குக் கீழே இறக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். மூன்று கிளாஸுக்கும் சேர்த்து 7, 8 கிராம்தான் வரும். பாலைத் தண்ணீர் கலக்காமல் சுண்டக் காய்ச்சினால் லாக்டோஸின் இயல்பான இனிப்பு மேலே வரும். சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. கொழுப்பு 3 விழுக்காடுள்ள டோன்டு பாலே போதும்.

இனி ‘ஜீரோ’ பாட்டில்களும் இனிப்பூட்டி மாத்திரைகளும். ஆஸ்பார்டேம் சீனியைவிடச் சுமார் 200 மடங்கும் சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பானவை. ஆகவே மிகச் சிறிய அளவே தேவைப்படுவதால் கலோரி ஏறக்குறைய இல்லை. சீனித்துளசியில் இருந்து எடுக்கும் ஸ்டீவியாவும் இவ்வகைதான். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆஸ்பார்டேமைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது பலரைப் பயமுறுத்தியது. அந்தப் பட்டியல் ஆதாரத்தின் வலுவைச் சொல்வது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வது அல்ல. அதே நேரத்தில் அளவை ஆராய்ந்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளைக்கு ஒன்பது கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பார்டேமை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

எனக்குள்ள தயக்கம் வேறு. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைப்பதற்கான வழியாக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று, நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, நிபந்தனையோடு கூடிய பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. நீண்ட கால நோக்கில் உடற்கொழுப்பு குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது அதன் காரணம். என் பார்வையில், முழுச் சீனி கோலாவைத் தினம் குடிப்பவர் ஜீரோவுக்கு மாறுவது இலாபம். 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல் சீனி மிச்சமாகிறது. உங்களைப்போல் கோலா குடிக்காதவர் ‘கலோரி இல்லையே’ என்று புதிதாக ஜீரோ குடிக்கத் தொடங்குவதில் பொருளில்லை: நாக்கு பழைய இனிப்பிலேயே நிற்கும், அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். மாத்திரையை ஒரு ஊன்றுகோலாகச் சாயாவில் சில வாரம் பயன்படுத்துவது தவறில்லை. ஆஸ்பார்டேம் கொதியில் இனிப்பை இழக்கும் என்பதால் இறக்கிய பிறகு போடவேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள்.

பாட்டிலோ பொட்டலமோ வாங்கும்போது முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம், பின்பக்கத்தில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதை மட்டும் பாருங்கள். நம் நாட்டு விதிகளின்படி 2.5 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால்தான் ‘குறைந்த சர்க்கரை’ என்று ஒரு பானம் சொல்லிக்கொள்ளலாம்; 0.5 கிராமுக்கு மேல் இருந்தால் ‘சர்க்கரை இல்லை’ என்று சொல்லக்கூடாது. மாம்பழ பானங்கள் 10 முதல் 15 கிராம் வரை போகும். பிறகு அந்த எண்ணைப் பாட்டிலின் அளவால் பெருக்க மறக்கக்கூடாது. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்ற பழச்சாற்றில் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும். இரவில் கலக்கும் மால்ட் பொடியைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இத்தகைய பொடிகளை ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையின் கீழ் விற்கக்கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதற்குப் பதிலாக ஏலக்காயோ மஞ்சளோ போட்டு, சீனியில்லாமல் அரை கிளாஸ் பால் குடியுங்கள். கைவிடுவதில் மிக எளிதானது அந்தப் பொடிதான், அதிலிருந்தே தொடங்கலாம்.

இவ்வாறு செய்தால், காலைச் சுக்குக் காப்பியில் 5, மூன்று சாயாவில் 8, வீட்டு நன்னாரியில் 3 என்று நாளுக்கு 16 கிராமில் நிற்பீர்கள். 85 இருந்த இடத்தில் 16. விருந்துக்கும் அக்கானிக்கும் வாரத்தில் ஒரு நாள் இடம் விட்டாலும் கணக்கு கெடாது. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மீண்டும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கடைசியாக உங்கள் தந்தை. மேலே சொன்னவற்றில் பலவும் அவருக்கும் பொருந்தும். ஆனால் அவர் குடிக்கும் இனிப்பை மருத்துவரிடம் சொல்லாமல் திடீரெனக் குறைக்காதீர்கள். இன்சுலின் அளவு அவருடைய இப்போதைய சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டிருக்கும். இனிப்பு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் வரலாம். அப்படி வந்தால் 15 கிராம் அளவு, அதாவது மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்து, ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஜீரோ பாட்டில் எதற்கும் உதவாது. பால், சாக்லேட் ஆகியவை மெதுவாகவே வேலை செய்யும். அவர் இன்சுலினோடு வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். அவை சுக்ரோஸ் செரிப்பதைத் தாமதப்படுத்துபவை என்பதால், சீனியும் கருப்பட்டியும் அவசரத்துக்குப் பயன்படாமல் போகலாம். அப்படியானால் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியை வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வைத்துவிடுங்கள்.